48கே ஸ்பெக்ட்ரம் தொடங்க மறுக்கிறது: திரையில் பட்டைகள் மட்டும்

கேள்வி

வணக்கம். என்னிடமுள்ள பழைய வீட்டுக் கணினியான சிங்க்ளேர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் 48கே (48 கிலோபைட் நினைவகம் கொண்டது) சென்ற மாதம் வரை ஒழுங்காக இயங்கியது. இப்போது மின்சாரம் கொடுத்தால், திரையின் அடியில் வழக்கமாக வரும் 1982 பதிப்புரிமை வரி வராமல், செங்குத்தான கறுப்பு வெள்ளைப் பட்டைகள் நிரம்பி அப்படியே நின்றுவிடுகின்றன. எந்த விசையை அழுத்தினாலும் அசைவில்லை. இசட்80 பிராசஸர் பழுதாகிவிட்டதென்று கருதி, புதிய ஒன்றை வாங்க எண்ணியிருக்கிறேன். இது சரிதானா?

மறுமொழி

பொறுங்கள், பிராசஸர் அவ்வளவு எளிதில் சாவதில்லை. பட்டைகள் தெரிவதே, படத்தை உருவாக்கும் யூஎல்ஏ சிப் ஓரளவேனும் வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். திரைக்குரிய நினைவகம் கீழ் 16கே-யில் இருக்கிறது. போர்டில் ஐசி6 முதல் ஐசி13 வரை எண்ணிடப்பட்டுள்ள, 4116 என்னும் வகையைச் சேர்ந்த எட்டு நினைவகச் சிப்கள்தாம் அது. இந்தச் சிப்களுக்கு ஒன்றல்ல, மூன்று மின்னழுத்தங்கள் வேண்டும். வெளியிலிருந்து வருவதோ 9 வோல்ட் மட்டுமே. அதிலிருந்து, மின்னழுத்தத்தை நிலைப்படுத்தும் 7805 ரெகுலேட்டர் +5-ஐத் தர, மற்ற இரண்டையும் டிஆர்4, டிஆர்5 என்னும் டிரான்சிஸ்டர்களும் ஒரு சிறு காயிலும் (கம்பிச்சுருள்) சேர்ந்து உண்டாக்குகின்றன.

ஆகவே முதலில் மல்டிமீட்டரை எடுத்து, ஏதேனும் ஒரு 4116-இல் 16-ஆம் காலை (பின்னை) தரையாகக் கொண்டு, 1-ஆம் காலில் −5, 8-ஆம் காலில் +12, 9-ஆம் காலில் +5 வருகிறதா என்று பாருங்கள். மீட்டரின் முனை வழுக்கி 7-ஆம் காலையும் 8-ஆம் காலையும் ஒன்றாகத் தொட்டுவிட்டால், 12 வோல்ட் முகவரித் தடத்தில் பாய்ந்து இருப்பதையும் கெடுத்துவிடும். அடாப்டரை மாற்றியிருந்தால் அதையும் சொல்லுங்கள், ஏனெனில் இக்கணினியின் பிளக்கில் நடுமுனைதான் எதிர்மின். இன்றைய அடாப்டர்கள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறானவை.

கேட்டவர்

அடாப்டர் பழையதே. 9-ஆம் காலில் 5.02 உள்ளது. 8-ஆம் காலில் 12 இல்லை, 9 வோல்ட்டை ஒட்டியே நிற்கிறது. 1-ஆம் காலில் பூச்சியம். ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்: கடைசியாக இயங்கிய அன்று, கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்புறத்திலிருந்து ஜாய்ஸ்டிக் இணைப்பை உருவினேன்.

மறுமொழி

முதலிலேயே சொல்லியிருந்தால் என் முதல் பத்தியை நான் எழுதியே இருக்கமாட்டேன்! அப்படி உருவும்போது பக்கத்துத் தடங்கள் ஒரு நொடி உரசினாலே டிஆர்4 போய்விடும். இனிச் சோதிப்பதற்காகக்கூட மின்சாரம் கொடுக்காதீர்கள். −5 இல்லாத நிலையில் 8-ஆம் காலின் மின்னழுத்தம் மட்டும் ஏறினால் 4116 சிப்கள் ஒவ்வொன்றாகக் கெடும்.

டிஆர்4-க்குப் பதிலாக இசட்டிஎக்ஸ்650 என்னும் டிரான்சிஸ்டரைப் போடலாம். அதற்கு முன், மின்சாரமின்றி, 8-ஆம் காலுக்கும் தரைக்கும் இடையே மின்தடையை அளந்துகொள்ளுங்கள். பூச்சியத்தை ஒட்டி வந்தால் ஏதோ ஒரு சிப் ஷார்ட் ஆகியிருக்கக்கூடும். புது டிரான்சிஸ்டரையும் அது கொன்றுவிடும். எட்டுச் சிப்களும் ஒரே தடத்தில் இணைந்திருப்பதால், எந்தச் சிப் என்பதை மீட்டர் காட்டாது.

மற்றொருவர்

எட்டையும் ஒரேயடியாக மாற்றிவிடுவது நல்லதல்லவா?

மறுமொழி

நான் அப்படிச் செய்யமாட்டேன். இவை பழைய போர்டுகள். 128 கால்களைச் சூடாக்கி எடுக்கும்போது செம்புத்தடமும் கூடவே உரிந்து வரும்.

கேட்டவர்

ஷார்ட் எதுவும் இல்லை. டிஆர்4-ஐ மாற்றியபின் +12, −5 இரண்டும் வந்துவிட்டன. ஆயினும் பதிப்புரிமை வரி வரவில்லை. பட்டைகள் மறைந்து, எட்டுப் புள்ளிக்கு ஒன்றாக மெல்லிய செங்குத்துக் கோடுகள் நின்றன. ஒவ்வோர் எட்டிலும் வலப்புறத்திலிருந்து மூன்றாவது புள்ளி.

மறுமொழி

திரையின் ஒவ்வோர் எட்டுப் புள்ளியும் நினைவகத்தின் எட்டு பிட்கள்; ஒரு பிட்டுக்கு ஒரு சிப். வலக்கோடிப் புள்ளி பிட் 0, அது ஐசி6. மூன்றாவது பிட் 2, ஆகவே ஐசி8. விரலால் தொட்டுப் பாருங்கள், மற்றவற்றைவிடச் சுடும் என்று நினைக்கிறேன்.

கேட்டவர்

ஐசி8 விரலை வைக்கமுடியாத அளவுக்குச் சுட்டது. சிப்பைக் காப்பாற்ற முயலாமல், கால்களை வெட்டி ஒவ்வொன்றாக உருவியெடுத்து, சாக்கெட் பொருத்தி வேறொரு 4116-ஐச் செருகினேன். பதிப்புரிமை வரி வந்துவிட்டது. மீதமுள்ள மேல் நினைவகத்தையும் சோதிக்க, நினைவகத்தின் கடைசி முகவரியைக் காட்டும்படி பிரிண்ட் பீக் 23732+256*பீக் 23733 என்ற கட்டளையைக் கொடுத்தேன். 65535 என்று விடை வந்தது. ஆகவே 48கே முழுவதும் இருக்கிறது. மிக்க நன்றி.