ஓவர்போர்ட் ஃபிளாட்டை விற்றுவிடவா, வைத்திருக்கவா?

சாட்ஸ்வர்த் டீச்சர்:
வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பன் ஓவர்போர்ட்டில் வாடகைக்கு விடுவதற்கென்று 2021 தொடக்கத்தில் ஒரு ஃபிளாட் வாங்கினேன். பாண்டு, அதாவது வீட்டுக் கடன், 8,00,000 ராண்ட், 20 வருடம். அப்போது பிரைம், அதாவது வங்கிகளின் அடிப்படைக் கடன் வட்டி, 7%. தவணை 6,200, லெவி (கட்டடப் பராமரிப்புக் கட்டணம்), ரேட்ஸ் (நகராட்சி வரி) எல்லாம் சேர்த்தால் மாதம் 9,000. வாடகை 7,500 வந்தது. மாதம் 1,500 சம்பளத்திலிருந்து போட்டால் சரி என்று நினைத்தேன்.

2023 மே மாதம் பிரைம் 11.75% ஆனது. தவணை மட்டும் 8,500-ஐத் தொட்டது. பிறகு வட்டி கொஞ்சம் இறங்கியது, ஆனால் இப்போது லிஃப்டுக்கென்று தனியாக ஸ்பெஷல் லெவி 14,000 கேட்கிறார்கள். வாடகைக்காரர் மூன்று மாதமாகப் பணம் தரவில்லை. கணவர் விற்றுவிடு என்கிறார். என் தாத்தா கேட்டோ மேனரில் கட்டிய வீட்டை இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தால் இழந்து சாட்ஸ்வர்த் வந்தவர். வீட்டை விற்பது என்று பேச்செடுத்தாலே அம்மா கண் கலங்குகிறார். என்ன செய்யலாம்?

வெருலம் மெக்கானிக்:
தங்கச்சி, முதலில் வாடகைக்காரர் விஷயம். கோபத்தில் கரண்டையோ தண்ணீரையோ நிறுத்திவிடாதே. 1998-ஆம் வருடச் சட்டப்படி கோர்ட் உத்தரவு இல்லாமல் குடியிருப்பவரை வெளியேற்ற முடியாது. விசாரணைக்குக் குறைந்தது 14 நாள் முன்பே அவருக்கும் நகராட்சிக்கும் நோட்டீஸ் போக வேண்டும். இது தெரியாமல் நான் ஒருமுறை என் வாடகைக்காரர் வீட்டுப் பூட்டை மாற்றினேன். அவர் கோர்ட்டுக்குப் போய் மறுபடி உள்ளே வந்தார், வக்கீல் செலவும் என் தலையில். வாடகை வீட்டுத் தீர்ப்பாயத்தில் புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது. பாக்கி வாடகையை அங்கே கேட்கலாம். காலி செய்ய வைக்க மட்டும் கோர்ட்தான்.

இனி வைத்துக்கொள்வதா என்பது. எனக்கு இரண்டு ஃபிளாட் இருந்தன. 2008-இல் பிரைம் 15.5%-க்குப் போனது. என் மனைவி இரவில் தைத்த காசில் தவணை கட்டினோம். ஒன்றை வைத்துக்கொண்டேன், மற்றதை விற்றேன். விற்றது நல்ல இடத்தில்தான் இருந்தது. ஆனால் அந்தக் கட்டடத்தின் சேமிப்பு நிதியில் ஒன்றுமே இல்லை; கூரை ஒழுகும்போதெல்லாம் எங்களிடம் வசூல். வைத்துக்கொண்டதன் கணக்கு சுத்தமாக இருந்தது, ஆள் காலி செய்தால் அடுத்த மாதமே வேறொருவர் வருவார். அதனால்தான் பல்லைக் கடித்துக்கொண்டு கட்ட முடிந்தது.

ஆகவே உன் பாடி கார்ப்பரேட்டிடம், அதாவது ஃபிளாட் உரிமையாளர்கள் சங்கத்திடம், பத்து வருடப் பராமரிப்புத் திட்டத்தைக் கேள். 2016-லிருந்து அது கட்டாயம். கடைசி இரண்டு பொதுக்கூட்டக் குறிப்புகளையும் கேட்டு வாங்கு. லிஃப்டுக்கு அடுத்து கூரை, குழாய் என்று வரிசையில் நின்றால் விற்றுவிடு. இல்லையென்றால் ஆறு மாதத் தவணையைத் தனியாக ஒதுக்கப் பார். எனக்கு ஐந்து மாதம் ஆள் இல்லாமல் கிடந்திருக்கிறது, அதனால் சொல்கிறேன்.

அம்மாவிடம் நீயே உட்கார்ந்து பேசு. தாத்தாவிடமிருந்து வீட்டைப் பிடுங்கினார்கள். நீ விற்றால் அது நீயாகச் செய்வது. இரண்டும் ஒன்றல்ல.

நார்த்டேல் கணக்கர்:
அண்ணன் சொன்னதோடு இரண்டு விஷயம். வாடகை வருமானத்துக்கு வரி கணக்கிடும்போது பாண்டு வட்டி, லெவி, ரேட்ஸ் ஆகியவற்றைக் கழிக்கலாம். தவணையில் அசலுக்குப் போகும் பகுதியைக் கழிக்க முடியாது. அப்புறம், விற்பதாக முடிவெடுத்தால் அன்றே பாண்டை மூடப்போவதாக வங்கிக்கு எழுதிக் கொடுங்கள். 90 நாள் முன்னறிவிப்பு தராவிட்டால் அபராத வட்டி போடுவார்கள். என் வாடிக்கையாளர்கள் பலர் வாங்க ஆள் கிடைத்த பிறகுதான் இதை நினைக்கிறார்கள்.

அக்கா, வாடகைக்காரர் கொடுத்த டெபாசிட் எங்கே இருக்கிறது? வட்டி வரும் கணக்கில் இருக்க வேண்டும்.

சாட்ஸ்வர்த் டீச்சர்:
ரொம்ப நன்றி அண்ணா, தம்பி. டெபாசிட் என் சேமிப்புக் கணக்கில் இருக்கிறது, வட்டியும் வருகிறது. ஆனால் அவர் குடிவந்த அன்று இருவரும் சேர்ந்து வீட்டைப் பார்த்து எதையும் எழுதிக்கொள்ளவில்லை.

நார்த்டேல் கணக்கர்:
அப்படியென்றால் சுவர், கதவு சேதத்துக்காக டெபாசிட்டில் கை வைப்பது கடினம். வீட்டுக்காரர் சேர்ந்து பார்க்காமல் விட்டால், வீடு நல்ல நிலையில் திரும்பி வந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். வாடகைப் பாக்கிக்கு மட்டும் கேளுங்கள்.

சாட்ஸ்வர்த் டீச்சர்:
சரி. தீர்ப்பாயப் படிவத்தை இன்று ராத்திரியே நிரப்புகிறேன். கட்டடத்தை நிர்வகிக்கும் மேனேஜிங் ஏஜென்ட்டுக்குப் பராமரிப்புத் திட்டம் கேட்டு எழுதிவிட்டேன். அது வந்ததும் இங்கே போடுகிறேன் அண்ணா, நீங்கள் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.