மூன்று நாளில் நான்கு பஞ்சர், பிகானேர் - ஜெய்சல்மேர் சாலை, அவசரம்

வடக்குமுகம்: ராஜஸ்தானில் பிகானேரிலிருந்து ஜெய்சல்மேருக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருக்கிறேன். மூன்று நாளில் நான்கு பஞ்சர். டியூப் புதுசுதான். இன்னும் ஒரே ஒரு ஒட்டுதான் மிச்சம். என்ன செய்யலாம்? போனில் சார்ஜ் குறைவு, சீக்கிரம் சொல்லுங்கள்.

செயின்சத்தம்: முன்சக்கரமா, பின்சக்கரமா? டயர் அகலம் என்ன? ஓட்டை தரைப் பக்கமா, ரிம் பக்கமா? ரிம் பக்கம் என்றால் ஸ்போக் முனைகளை மூடும் ரிம் டேப் நகர்ந்து, முனை குத்தியிருக்கும். இப்போது எந்த ஊரில் இருக்கிறீர்கள்?

உச்சிவெயில்: வெயில்தான் காரணம். நீங்கள் கடக்கும் பலோடியில் 2016 மே மாதம் 51 டிகிரி பதிவானது. காற்று விரிந்து டியூபைக் கிழித்துவிடும். காற்றைக் குறைத்து ஓட்டுங்கள்.

பழையபெடல்: இதை எத்தனை தடவைதான் விளக்குவது? 60 பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்று அடித்த டயர் 25 டிகிரியிலிருந்து 45-க்குப் போனால் 65 ஆகும், அவ்வளவுதான். காற்றைக் குறைத்தால்தான் ஆபத்து. மூட்டை ஏற்றிய சக்கரம் குழியில் இறங்கும்போது டியூப் ரிம்முக்கும் டயருக்கும் நடுவே நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும். அடிப்படையைக் கற்றுக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும்.

மணற்காற்று: ஐயா, அவர் நடுவழியில் நிற்கிறார், கொஞ்சம் பார்த்துப் பேசுங்கள். போன டிசம்பரில் நானும் அதே வழியில் போனேன். பாப் என்ற ஊரைத் தாண்டி, இளைப்பாறச் சைக்கிளை ஓரத்து மணலில் உருட்டியதுதான் தப்பு. நெருஞ்சி! முள்ளின் நுனி ஒடிந்து ரப்பருக்குள் புதைந்துவிடும், வெளியே தெரியாது. எத்தனை டியூப் மாற்றினாலும் அதே முள் மறுபடி குத்தும். டயரைக் கழற்றி உள்பக்கம் முழுக்கப் பழைய பனியன் துணியால் துடைத்துப் பாருங்கள். நூல் சிக்கும் இடத்தில் முள் இருக்கும். எனக்கு அரிசிக் குருணை அளவில் ஒன்று இருந்தது, ஊக்கால் உள்ளிருந்து வெளியே தள்ளினேன். அப்புறம் ஜெய்சல்மேர் வரை ஒரு பஞ்சர்கூட இல்லை.

கரிசல்காடு: நெருஞ்சியை விடச் சீமைக்கருவேல முள்தான் அங்கே அதிகம். எங்கள் ராமநாதபுரத்தைப் போலவே சாலை நெடுக நிற்கிறது. நிழலுக்கு அதன் கீழே ஒதுங்காதீர்கள்.

மணற்காற்று: எல்லாம் கருவேலம் இல்லை. வன்னியும் நிறைய. ராஜஸ்தானின் மாநில மரமே அதுதான். அதை வெட்டவிடாமல் தடுத்து 1730-இல் கேஜர்லி கிராமத்தில் பிஷ்னோய் சமூகத்தைச் சேர்ந்த 363 பேர் உயிரைக் கொடுத்தார்கள். இரண்டையும் ஒன்றாகப் பேசுவது எனக்கு மனது கஷ்டமாக இருக்கிறது.

கரிசல்காடு: வன்னியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வன்னிக்கும் முள் உண்டு, டயருக்கு எல்லாம் ஒன்றுதான். கருவேலமும் எங்கள் பக்கம் கரிமூட்டம் போட்டுப் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது.

பழையபெடல்: மரம் பற்றித் தனி இழை தொடங்குங்கள். டியூப் இல்லாத டியூப்லெஸ் டயர் போட்டு, உள்ளே ஓட்டையை அடைக்கும் சீலன்ட் திரவம் ஊற்றியிருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை.

செயின்சத்தம்: அந்த வறட்சியில் சீலன்ட் சீக்கிரம் காயும். சின்ன ஊர்க் கடைகளில் எங்கே கிடைக்கும்? டியூபே மேல்.

வடக்குமுகம்: பின்சக்கரம், தரைப் பக்கம். எழுத விட்டுப்போச்சு, மன்னிக்கவும். ராம்தேவ்ராவில் ஒரு டீக்கடையில் இருக்கிறேன். கடைக்காரர் துணி கொடுத்தார். இரண்டு முள் கிடைத்தது, ஒன்று வால்விலிருந்து ஒரு சாண் தள்ளி. கடைசி ஒட்டையும் போட்டாச்சு. பொக்ரான் பக்கம்தான், கிளம்புகிறேன். நன்றி மணற்காற்று அக்கா.

செயின்சத்தம்: பொக்ரானில் முதல் வேலையாக ஒட்டும் இன்னொரு டியூபும் வாங்கிவிடுங்கள். டயர் அகலம் இன்னும் சொல்லவில்லையே?