நீச்சல் போட்டியில் எடுத்த 600 படத்திலும் தண்ணீர்தான் இருக்கிறது, முகம் எங்கே?

நீச்சல் அப்பா:

வணக்கம் நண்பர்களே. மகளுக்கு 11 வயது, இரண்டு வருடமாக நீச்சல் பழகுகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை மாவட்ட அளவில் ஒரு மீட். 25 மீட்டர் குளம், மேலே கூரை, பாதி விளக்கு எரியவில்லை. என்னிடம் இருப்பது கேனன் 200டி, 55-250 லென்ஸ். கேலரியின் மேல்படியில் உட்கார்ந்து காலையிலிருந்து மத்தியானம் வரை 600 படம் தட்டித் தள்ளினேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் அத்தனையும் தண்ணீர். நடுவில் மஞ்சள் கேப் ஒன்று மிதக்கிறது, அது எங்கள் பிள்ளையா பக்கத்து லேன் பிள்ளையா என்று பெற்றவளுக்கே தெரியவில்லை.

முகம் தெரிகிற நாலைந்து படமும் கலங்கல். இன்னொரு விநோதம், ஒரே அழுத்தில் தொடர்ந்து எடுத்த ஐந்து படத்தில் இரண்டு நன்றாகவும் மூன்று மஞ்சளடித்து இருட்டாகவும் வருகிறது, செட்டிங்கில் நான் கையே வைக்கவில்லை. கேமரா கடையில் கேட்டால் "70-200 எஃப் 2.8 வாங்குங்க சார்" என்கிறார்கள். விலையைக் கேட்டேன், அதற்கு ஒரு ஸ்கூட்டரே வாங்கிவிடலாம்.

அப்புறம், கிளப் அறிவிப்புப் பலகையில் போடுவதற்குப் பிள்ளைகளை ஆளுக்கொரு போர்ட்ரெய்ட் எடுத்துத் தரச் சொல்லி என் தலையில் கட்டிவிட்டார்கள், கேமரா வைத்திருக்கிற பாவத்துக்கு. அடுத்த மீட் மூன்று வாரத்தில். எங்கே தப்பு செய்கிறேன்?

பழைய லென்ஸ்:

மஞ்சள் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், அதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் குழல் விளக்கு மாதிரியானவை நொடிக்கு 100 தடவை கூடிக் குறைகின்றன. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/1000 நொடிக்குப் போனால் அந்த ஏற்ற இறக்கத்தில் ஒரு துண்டைத்தான் பிடிக்கும், உச்சத்தில் பிடித்தால் நல்ல படம், பள்ளத்தில் பிடித்தால் நிறமும் மாறி இருட்டாகிவிடும். மெனுவில் ஆன்டி ஃபிளிக்கர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் போட்டுவிடுங்கள், கேமராவே உச்சம் வரும்வரை காத்திருந்து தட்டும்.

கலங்கலுக்கு வருவோம். உங்கள் லென்ஸ் முழு ஜூமான 250-ல் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறக்கும்). இருட்டுக் குளத்தில் ஆட்டோவில் விட்டால் கேமரா 1/200 மாதிரி எதையாவது எடுத்துக்கொள்ளும். மேனுவலுக்கு வாருங்கள். ஷட்டர் 1/1000, லென்ஸ் எவ்வளவு திறக்குமோ அவ்வளவு, ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சத்துக்கான உணர்திறன், 6400. புள்ளி புள்ளியாக வரும், வரட்டும், புள்ளியை வீட்டில் உட்கார்ந்து குறைக்கலாம், அசைந்துபோன படத்தை யாராலும் சரிசெய்ய முடியாது. உண்மையில் நீந்துகிறவர் அவ்வளவு வேகம் இல்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பான் ஜான்லே 46.40 நொடியில் 100 மீட்டர் நீந்தி உலக சாதனை செய்தாரே, அதுவே நொடிக்கு இரண்டு மீட்டர் சொச்சம்தான். கையும் தெறிக்கிற துளியும்தான் பறக்கும், 1/1000 கேட்பது அதற்காக. ஆட்டோ வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம், வெள்ளை நுரையைக் கண்டதும் கேமரா பயந்து படத்தை இருட்டாக்கிவிடும், முகம் கரிக்கட்டை ஆகிவிடும்.

ஸ்கூட்டர் விலை லென்ஸ் வேண்டாம். 85 எம்எம் எஃப் 1.8 ஒன்று யாரிடமாவது இரவல் கேளுங்கள், கிடைக்காவிட்டால் 50 எஃப் 1.8. 5.6-க்கும் 1.8-க்கும் வெளிச்சத்தில் ஏறக்குறைய பத்து மடங்கு வித்தியாசம். 6400 தேவைப்பட்ட இடத்தில் 800 போதும். ஆனால் கேலரியில் உட்கார்ந்து இதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, கீழே குளத்தங்கரைக்கு இறங்க வேண்டும். உங்கள் கேமராவில் 85 போட்டால் 8 மீட்டர் தூரத்தில் சுமார் 2 மீட்டர் அகலம் ஃபிரேமுக்குள் வரும், ஒரு பிள்ளை கையை விரித்தால் நிறைகிற அளவு.

லேன் நாலு:

அண்ணன் சொன்ன கணக்கெல்லாம் சரி. ஆனால் 600 படத்தில் முகம் இல்லாததற்கு லென்ஸ் காரணம் இல்லை, நீச்சல் தெரியாமல் நீச்சலைப் படம் எடுத்ததுதான் காரணம். கோபித்துக்கொள்ளாதீர்கள் சார். நான் பத்து வருடம் நீந்தியவள், இப்போது சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், ஒவ்வொரு மீட்டிலும் பெற்றோர்கள் இதையேதான் செய்கிறார்கள்.

முகம் எப்போது வெளியே வரும் என்பது ஸ்ட்ரோக்குக்கு ஸ்ட்ரோக், அதாவது நீந்தும் முறைக்கு முறை, மாறும். பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றிலும் தலை தண்ணீருக்கு மேலே வந்தே ஆக வேண்டும், விதியே அதுதான், ஆகவே உங்களைப் போல ஆரம்பிக்கிறவர்களுக்கு இதைவிட சுலபமானது கிடையாது. குளத்தின் மறுகோடியில், அவள் லேனுக்கு நேர் எதிரே, தரையோடு தரையாக உட்காருங்கள். கேமரா தண்ணீர் மட்டத்துக்கு எவ்வளவு தாழ இருக்கிறதோ அவ்வளவு நல்லது. நாங்கள் பிள்ளைகளுக்கு "இழு, மூச்சு, உதை, நீள்" என்று சொல்லித்தருவோம். அதையே நீங்களும் வாய்க்குள் சொல்லிக்கொண்டு "இழு" முடியும்போது பட்டனை அழுத்துங்கள். முகத்தைப் பார்த்த பிறகு அழுத்தினால் மறுபடியும் கேப்தான். பட்டர்ஃபிளையும் நேர் எதிரேதான், இரண்டு கையும் சிறகு மாதிரி விரியும்போது. ஆனால் பழகியவர்கள் பலர் இரண்டு கைவீச்சுக்கு ஒரு தடவைதான் மூச்சு எடுப்பார்கள், எண்ணிக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

ஃப்ரீ ஸ்டைலுக்குப் பக்கவாட்டில் நில்லுங்கள். எந்தப் பக்கம் மூச்சு எடுக்கிறாள் என்று முதலில் கோச்சிடம் கேளுங்கள். வலப்பக்கம் மூச்சு எடுக்கிறவளை இடப்பக்கம் நின்று எடுத்தால் பின்மண்டைதான் கிடைக்கும். 25 மீட்டர் குளத்தில் இன்னொன்று, போகும்போது முகம் உங்கள் பக்கம் என்றால் திரும்பும்போது அந்தப் பக்கம். 50 மீட்டர் ரேஸில் உங்களுக்குக் கிடைப்பது ஒரே ஒரு நீளம், அவ்வளவுதான்.

மல்லாந்து நீந்தும் பேக் ஸ்ட்ரோக்குக்கு மட்டும் தாழ உட்காராதீர்கள், தாடையும் மூக்குத் துவாரமும்தான் வரும், கேலரியின் முதல் படி போதும். அதில் எனக்குப் பிடித்த நொடி ரேஸுக்கு முன்னால்தான். கம்பியைப் பிடித்து உடம்பைச் சுருட்டி மேலே இழுத்துக்கொண்டு சத்தத்துக்காகக் காத்திருக்கும்போது முகத்தில் இருக்கிற இறுக்கம் வேறு எங்கும் கிடைக்காது.

ஹீட் பட்டியலை, அதாவது எந்தச் சுற்றில் யார் நீந்துகிறார்கள் என்ற பட்டியலை, முன்கூட்டியே வாங்கி லேன் எண் பார்த்துக்கொள்ளுங்கள். 8 லேன் குளத்தில் அந்த ஹீட்டின் வேகமான ஆளுக்கு 4, அடுத்தவருக்கு 5, அப்புறம் 3, 6 என்று வெளியே போகும். என் பெயரைப் பார்த்துப் பெரிய ஆள் என்று நினைக்காதீர்கள், எனக்கு அந்த லேன் ஒரே ஒரு தடவைதான் கிடைத்தது.

ஸ்டார்ட்டில் ஃபிளாஷ் கூடவே கூடாது. காது கேளாத பிள்ளைகள் விளக்கைப் பார்த்துத்தான் குதிப்பார்கள், உங்கள் ஃபிளாஷ் ஒரு பிள்ளையின் ரேஸைக் கெடுத்துவிடும். ஏறி நின்று குதிக்கிற பிளாக்குக்குப் பின்னால் நின்றும் எடுக்காதீர்கள், குனிந்து நிற்கிற பிள்ளைகளை அந்தக் கோணத்தில் எடுப்பது அசிங்கம். அடுத்த வீட்டுப் பிள்ளையின் படத்தை அவர்கள் அம்மா அப்பாவைக் கேட்காமல் எங்கேயும் போடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. சுவரைத் தொட்டதும் கேமராவை இறக்கிவிடாதீர்கள். நம் ஊர் சின்ன மீட்டில் நேரம் காட்டும் பெரிய போர்டெல்லாம் ஏது, பிள்ளை காகிள்ஸைத் தூக்கிவிட்டு ஸ்டாப்வாட்ச் வைத்திருப்பவரை நிமிர்ந்து பார்த்து "எவ்வளவு அண்ணா?" என்று கேட்கும். அந்த முகத்தை எடுங்கள்.

நீச்சல் அப்பா:

அக்கா, பாதிப் பிழை புரிந்துவிட்டது. மகள் 50 பிரெஸ்ட் ஸ்ட்ரோக், 50 ஃப்ரீ ஸ்டைல். கோச்சைக் கேட்டேன், இடப்பக்கம்தான் மூச்சு எடுப்பாளாம், இரண்டு வருடமாகப் பார்க்கிற எனக்கு இது தெரியவில்லை. ஒரு சந்தேகம், போகஸ் அவள் மேல் நிற்காமல் லேன் கயிற்றிலும் தெறிக்கிற தண்ணீரிலும் போய் உட்காருகிறது. அதற்கு என்ன வழி?

பழைய லென்ஸ்:

மற்ற போகஸ் புள்ளிகளை அணைத்து நடுப்புள்ளி ஒன்றை மட்டும் வைத்து, நகர்கிறவரைத் தொடர்ந்து பிடிக்கும் சர்வோ போகஸில் விடுங்கள். நேர் எதிரே உட்கார்ந்தால் கயிற்றுத் தொல்லை தானாகக் குறையும். பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் அவள் தலை எழும்பும் இடத்தை ஒன்றிரண்டு சுற்று பார்த்துவிட்டு, அந்தத் தூரத்தில் போகஸைப் பூட்டிக் காத்திருக்கலாம்.

பட்டனை அழுத்திப் பிடித்துத் தொடர்ந்து தட்டும் பர்ஸ்ட் போட்டுவிட்டால் ஏதாவது ஒன்று சிக்கிவிடும் என்று எழுத வந்தேன், பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். உங்கள் கேமரா நொடிக்கு 5 படம், அதாவது இரண்டு படத்துக்கு நடுவில் 0.2 நொடி. முகம் முழுசாகத் தெரிவதே கிட்டத்தட்ட அவ்வளவு நேரம்தான். தங்கச்சி சொன்ன மாதிரி எண்ணி அடிப்பதுதான் உங்களுக்குச் சரி.

ஈரத்துண்டு:

இரண்டு விஷயம் மட்டும். ஏசி காரிலிருந்து இறங்கி நேராகக் குளத்துக்குள் போகாதீர்கள், லென்ஸ் முழுக்கப் பனி படிந்துவிடும். எனக்கு முதல் மூன்று ஹீட் அப்படித்தான் போயிற்று, துடைக்கத் துடைக்க மறுபடி படிந்தது. அரை மணி முன்னால் போய்ப் பைக்குள்ளேயே வைத்துச் சூடேற விடுங்கள். குளோரின் துளி பட்டால் உடனே துடையுங்கள், கழுத்து வாரைக் கழற்றாதீர்கள்.

தண்ணீருக்கு அடியிலிருந்து எடுக்கும் ஆசை வந்தால் அது வேறு உலகம். 2008 பெய்ஜிங்கில் 100 மீட்டர் பட்டர்ஃபிளை, ஃபெல்ப்ஸ் 50.58, சாவிச் 50.59. மேலே இருந்து பார்த்த பலருக்கு சாவிச் ஜெயித்த மாதிரிதான் தெரிந்தது. குளத்துக்கு அடியில் வைத்திருந்த கேமரா படத்தில்தான் ஃபெல்ப்ஸின் விரல் சுவரில் அழுந்துவதும் சாவிச்சின் விரல் இன்னும் வந்துகொண்டிருப்பதும் தெரிந்தது.

கல்யாண போட்டோ தம்பி:

போர்ட்ரெய்ட் பற்றி யாரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். பயிற்சி முடிந்த பிறகு எடுக்காதீர்கள் சார், காகிள்ஸ் அழுத்திய வளையம் கண்ணைச் சுற்றி இருக்கும், கண்ணும் குளோரினில் சிவந்திருக்கும். பயிற்சிக்கு முன்னால் ஒரு தடவை முங்கச் சொல்லி உடனே எடுங்கள். ஸ்டுடியோவில் முகத்தில் துளி நிற்கத் தண்ணீரில் கிளிசரின் கலந்து தெளிப்போம், உங்கள் பிள்ளைகள் ஏற்கெனவே நனைந்துதானே இருக்கிறார்கள்.

பிள்ளை தண்ணீருக்குள் நின்று இரண்டு முழங்கையையும் கரையில் ஊன்றட்டும், நீங்கள் தரையில் படுத்துக்கொள்ளுங்கள், கண் மட்டத்துக்குக் கேமரா வர வேண்டும். காகிள்ஸை நெற்றியில் ஏற்றிவிடுங்கள், கண்ணில் இருந்தால் அதில் நீங்களும் கூரையும்தான் தெரிவீர்கள். எஃப் 1.8-க்குத் திறக்காதீர்கள், 2.8 வைத்துக் கிட்ட இருக்கிற கண்ணில் போகஸ். குளத்தின் நீலம் தாடைக்குக் கீழே ஏறி எல்லோரும் சோகையாகத் தெரிவார்கள். ஒரு தெர்மாகோல் அட்டையை முகத்துக்குக் கீழே கரையில் வைத்தால் போய்விடும். அது இல்லாவிட்டால் அவர்கள் உதைத்துப் பழகும் கிக் போர்டு வெள்ளையாக ஒன்று இருக்கும், அதுவும் போதும். ஃபிளாஷ் வைத்தால் பேட்டரியில் ஓடுவது மட்டும். எக்ஸ்டென்ஷன் வயரைக் குளத்தங்கரைக்கு இழுக்கிற வேலையே வேண்டாம்.

சிரி என்று சொல்லாதீர்கள். "மூச்சுப் பிடித்து எத்தனை நொடி இருப்பாய்?" என்று கேளுங்கள், பதில் சொல்லும்போது தட்டுங்கள்.

நீச்சல் அப்பா:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். 85 கிடைக்கவில்லை, மைத்துனரின் 50 எஃப் 1.8 கிடைத்தது. அமைப்பாளரிடம் கேட்டு மறுகோடியில் உட்கார்ந்தேன், பேன்ட் முழுக்க ஈரம். மொத்தமே 70 படம்தான் எடுத்தேன், அதில் ஒன்பதில் முகம். பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் ஒன்று, வாய் திறந்து, தோளுக்கு இரண்டு பக்கமும் தண்ணீர் கண்ணாடி மாதிரி வழிகிறது, கேப்பின் எழுத்துகூடப் படிக்க முடிகிறது. ஃப்ரீ ஸ்டைலில் தப்பான நீளத்துக்கு தப்பான பக்கம் நின்றுவிட்டேன், அது என் தலையெழுத்து. போர்ட்ரெய்ட் இருபத்திரண்டு பிள்ளைகளுக்கும் முடிந்தது, ஒருத்தன் "மூணு நிமிஷம் இருப்பேன்" என்று புளுகிய படம்தான் எல்லாவற்றிலும் நன்றாக வந்திருக்கிறது.

அந்த பிரெஸ்ட் ஸ்ட்ரோக் படத்தைப் பெரிதாக பிரிண்ட் போட்டு மகளிடம் காட்டினேன். ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, "அப்பா, முழங்கை ரொம்பப் பின்னால போகுது, இதை கோச்சுக்கு அனுப்புங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.