அனல் மின்நிலையத்தில் ஷிப்ட் வேலை: போகலாமா?

திருமங்கலத்தான்:
மெக்கானிக்கல் முடித்துவிட்டு இரண்டு வருடமாகக் கப்பலூரில் ஒரு பட்டறையில் இருக்கிறேன். இப்போது கடலோர அனல் மின்நிலையம் ஒன்றில், ஒப்பந்தக்காரர் மூலமாக, 210 மெகாவாட் யூனிட்டில் வேலை வந்திருக்கிறது. பாய்லரைக் கல்லூரியில் படித்ததோடு சரி. முதல் வருடம் என்ன செய்யச் சொல்வார்கள்? நைட் ஷிப்ட் என்றதும் அம்மா முகமே மாறிவிட்டது.

உசிலைக்காரன்:
தம்பி, நான் வேறொரு நிலையத்தில் 19 வருடம் ஷிப்டில் கிடந்தவன். முதல் ஆறு மாதம் கன்ட்ரோல் டெஸ்க்கில் கை வைக்க விட மாட்டார்கள், விடவும் கூடாது. ஒரு நோட்டும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு லைன் டிரேஸ் பண்ணு. நீராவி குளிர்ந்து தண்ணீராகிற கண்டன்சரில் கிளம்புகிற தண்ணீர் எப்படி டீஏரேட்டருக்கு (கரைந்த காற்றை நீக்கும் தொட்டி) ஏறுகிறது, அங்கிருந்து பாய்லருக்குத் தண்ணீர் தள்ளும் பீட் பம்ப், புகைச் சூட்டில் தண்ணீரைச் சுடவைக்கும் எகனாமைசர், தண்ணீரும் நீராவியும் பிரிகிற டிரம் என்று குழாயோடு குழாயாக நடந்து நீயே வரைந்து பார். திரையில் இருக்கிற படத்தைக் காப்பியடிக்காதே. வால்வு எந்தத் தூணுக்குப் பின்னால் இருக்கிறது என்று அது சொல்லாது.

நான் டெஸ்க்குக்கு வந்த புதிதில், ஓர் இரவு இரண்டரை மணி இருக்கும். அழுத்தம் மிஞ்சினால் தானே திறக்கிற டிரம் சேப்டி வால்வு ஒன்று தூக்கியது, திரும்ப மூடி உட்காரவில்லை. அழுத்தம் சரசரவென்று இறங்க, டிரம் லெவல் (தண்ணீர் மட்டம்) ஏறியது. பதறிப்போய் தானியங்கிக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, டிரம்முக்குப் போகிற பீட் வாட்டரைக் கையால் குறைத்தேன். அது நிஜமான ஏற்றமே இல்லை. அழுத்தம் விழுந்தால் தண்ணீருக்குள் இருக்கிற நீராவிக் குமிழிகள் பெருத்து, மட்டத்தைத் தூக்கிக் காட்டும். கொஞ்ச நேரத்தில் லெவல் தடாலென்று விழுந்து பாய்லர் ட்ரிப் ஆகித் தானாக நின்றது, பின்னாலேயே டர்பைனும். நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடிக்கொண்டிருந்தது அடங்கும்போது ஹாலில் ஒரு அமைதி வரும் பார், வயிற்றைக் கலக்கும். மறுபடி எண்ணெயில் பற்றவைத்து கிரிட்டில் சேர்ப்பதற்குள் விடிந்து அடுத்த ஷிப்டே வந்துவிட்டது. ஷிப்ட் சார்ஜ் அண்ணன் திட்டவில்லை. "பால் பொங்குனா பால் கூடிருச்சுன்னு உங்க வீட்ல சொல்வாங்களாடா?" என்று மட்டும் கேட்டார்.

நைட் பழகிவிடும், பகல் தூக்கம்தான் பழகாது. அப்புறம், சித்திரையில் லீவை நம்பாதே. கோடையில் கரண்ட் தேவை உச்சத்தில் இருக்கும், ஆளை விட மாட்டார்கள். அந்த 19 வருடத்தில் அழகர் ஆற்றில் இறங்கியதை நான் நேரில் பார்த்தது நாலே தடவை.

கூடலூர் மாமா:
நிலக்கரி, சாம்பல் எல்லாம் உங்கள் பாடு. எங்கள் லோயர் கேம்ப் பெரியாறு மின்நிலையத்தில் தேக்கடித் தண்ணீர் மலையிலிருந்து குழாயில் இறங்கி நாலு மெஷினைச் சுற்றுகிறது. நிமிடக் கணக்கில் ஓட்டத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். ஆனால் தண்ணீர் திறந்தால்தான் வேலை. அதே தண்ணீர் வைகை அணைக்கு வந்து, அங்கே இருக்கிற 6 மெகாவாட் நிலையத்திலும் சுற்றிவிட்டுத்தான் உங்கள் பக்கத்து வயலுக்கு வருகிறது. நிதானமான வேலை வேண்டும் என்றால் புனல் (நீர்) மின்நிலையம் பக்கம் முயற்சி செய்யலாமே?

உசிலைக்காரன்:
மாமா, அங்கே ஆள் எடுப்பது எப்போதோ ஒரு தடவை. தம்பி அதுவரை சும்மா இருக்க முடியுமா? ஆனால் ஒப்பந்தம் என்கிறாயே, பி.எஃப். பிடிக்கிறார்களா, உத்தரவில் என்ன பதவி போட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள். பின்னால் பாய்லர் ஆபரேஷன் இன்ஜினியர் தேர்வு எழுத அனுபவச் சான்றிதழ் கேட்பார்கள்.

திருமங்கலத்தான்:
உத்தரவில் 'டிரெய்னி' என்றுதான் இருக்கிறது அண்ணே. நாளைக்கே கேட்கிறேன்.

உசிலைக்காரன்:
கேள், எழுத்தில் வாங்கு. போகும்போது பருத்திச் சட்டையாக எடுத்துப்போ. சூட்டில் பாலியஸ்டர் உடம்போடு ஒட்டும்.