நாளைக்கு சிஸ்டோஸ்கோபி, காலைல சாப்பிடலாமா கூடாதா? அவசரம்

நடுநிசி:
நாளைக்கு காலைல 10 மணிக்கு சிஸ்டோஸ்கோபி, அதான் ஒண்ணுக்குப் போற வழியா கேமரா குழாய் விட்டு மூத்திரப் பையைப் பாக்குற டெஸ்ட். சீட்டுல தேதியும் டைமும் தான் எழுதிருக்கு, போன் பண்ணா யாரும் எடுக்கல. வெறும் வயித்தோட போகணுமா? தண்ணியாவது குடிக்கலாமா? ரொம்ப வலிக்குமா? ரெஸ்ட் எத்தனை நாள்? தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்

பழையபெஞ்ச்:
ஆம்பளையா பொம்பளையா, வயசென்ன, எதுக்கு எடுக்கச் சொன்னாங்க, ஜெல்லி போட்டா முதுகுல ஊசி போட்டா, ஒண்ணையும் காணோம். இதே கேள்வி இங்க எத்தனையோ தடவை வந்தாச்சு. தேடிப் பாக்குற பழக்கமே யாருக்கும் இல்ல.

மூணுகல்:
நண்பா பயப்படாதீங்க, கல்லுக்காக வச்ச குழாயை எடுக்க எனக்கு ரெண்டு தடவை பண்ணாங்க. மரத்துப்போற ஜெல்லியை ஏத்திட்டு அஞ்சு பத்து நிமிஷம் விட்டாங்க, அதுக்கப்புறம் வேலையே அஞ்சு நிமிஷம் தான். உள்ள தண்ணி விட்டு பையை நிரப்புவாங்க, அப்ப அவசரமா ஒண்ணுக்கு வர்ற மாதிரி இருக்கும், அவ்ளோதான். குழாய் வால்வைத் தாண்டுறப்ப ஒரு சுருக். அந்த நேரம் மூச்சைப் பிடிச்சா வலி ஜாஸ்தி, ஒண்ணுக்குப் போறப்ப விடுற மாதிரி உடம்பைத் தளர்த்தி விடுங்க. நான் ரெண்டாவது தடவை ஸ்கிரீனைப் பாத்துட்டே இருந்தேன், எப்ப முடிஞ்சதுன்னே தெரியல.

வாழைத்தண்டு:
வயசானவரா இருந்தா இது பிராஸ்டேட் தான், கண்ணை மூடிட்டு சொல்வேன். டெஸ்ட்டே வேஸ்ட். ஒரு ஸ்கேன் எடுத்தா போதாதா?

ஓடிசிஸ்டர்:
வாழைத்தண்டு, பையோட உள்சுவர்ல சின்னதாவோ தட்டையாவோ ஏதாவது இருந்தா ஸ்கேன்ல தப்பிடும், அதுக்குத்தான் உள்ள விட்டே பாக்குறாங்க.

நடுநிசி, வளையுற குழாய், ஜெல்லி மட்டும்னா பொதுவா சாப்பிட்டுட்டே போகலாம். முதுகுல ஊசியோ முழு மயக்கமோன்னா சாப்பாடு 6 மணி நேரம் முன்னாடியே நிறுத்தணும், வெறும் தண்ணி 2 மணி நேரம் முன்னாடி வரைக்கும் குடிக்கலாம்னு பெரும்பாலும் சொல்வாங்க. உங்க இடத்துல எதுன்னு கேட்டே ஆகணும். ரெண்டு விஷயம் சொல்லுங்க: யூரின் கல்ச்சர் குடுத்தீங்களா? ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஏதாவது ஓடுதா?

நடுநிசி:
சாரி சாரி. எனக்கில்ல, அப்பாவுக்கு. 68. போன வாரம் ஒரு தடவை சிவப்பா போச்சு, வலி எதுவும் இல்ல. யூரின் டெஸ்ட் குடுத்தோம், ரிசல்ட் வாங்கல. சுகர் மாத்திரை சாப்பிடுறார். ஹார்ட்ல ஸ்டென்ட் வச்சு நாலு மாசம் ஆச்சு, அந்த ரெண்டு மாத்திரையையும் முந்தாநேத்தே நிறுத்திட்டேன், டெஸ்ட் பண்றப்ப ரத்தம் நிக்காதுன்னு சொந்தக்காரர் ஒருத்தர் சொன்னார்

ஓடிசிஸ்டர்:
அய்யோ!! இதை முதல் வரிலயே சொல்லிருக்கணும். சாப்பாட்டை விடுங்க. நாலு மாச ஸ்டென்ட்டுக்கு அந்த மாத்திரையை நாமளா நிறுத்தினா ஸ்டென்ட்டுக்குள்ளயே ரத்தம் உறைஞ்சு அடைச்சுக்கலாம். சும்மா பாக்குற டெஸ்ட்டுக்கு நிறைய பேருக்கு நிறுத்தவே மாட்டாங்க. ஹார்ட் டாக்டருக்கு இப்பவே போன் போடுங்க, கிடைக்கலன்னா வச்ச ஆஸ்பத்திரியோட எமர்ஜென்சிக்கு. நெஞ்சுல ஏதாவது பண்ணுதுன்னா போன்கூட வேண்டாம், நேரா கூட்டிட்டுப் போங்க. யூரின் ரிசல்ட்டையும் வாங்குங்க, கிருமி இருந்தா டெஸ்ட்டைத் தள்ளி வைப்பாங்க. வெறும் வயிறுன்னு சொன்னாங்கன்னா காலை சுகர் மாத்திரையைப் போடலாமான்னும் சேத்துக் கேளுங்க.

பழையபெஞ்ச்:
இதுக்குத்தான் முதல்லயே கேட்டேன். கேட்டா நான் திமிரு புடிச்சவன்.

மூணுகல்:
கேட்டது சரி, கேட்ட விதம் தான் பாஸ். அப்புறம் முடிஞ்சதும் ஆன்டிபயாடிக் அஞ்சு நாள் கேட்டு வாங்கிக்கோங்க, எனக்கு அதுதான் காப்பாத்துச்சு.

பழையபெஞ்ச்:
ஆரம்பிச்சுட்டாரு. ரிஸ்க் இல்லாதவங்களுக்கு சும்மா பாக்குறதுக்கு ஆன்டிபயாடிக்கே தேவையில்ல, தேவைப்பட்டாலும் பெரும்பாலும் ஒரே ஒரு டோஸ். அஞ்சு நாள் முழுங்கித்தான் இன்னிக்கு எந்த மருந்தும் கேக்காத கிருமி வளந்து நிக்குது.

மூணுகல்:
எனக்கு டாக்டர் எழுதிக் குடுத்ததை நான் முழுங்கினேன், உங்களுக்கு என்ன எரியுது?

வாழைத்தண்டு:
எரியுறதுக்குத்தான் தண்ணி. டெஸ்ட் முடிஞ்சதும் ஒரே மூச்சுல ரெண்டு லிட்டர் ஏத்துங்க, கழுவி விட்டுடும்.

ஓடிசிஸ்டர்:
ஹார்ட் பேஷண்ட்டுக்கு ஒரே மூச்சுல ரெண்டு லிட்டரா? கொஞ்சம் கொஞ்சமா குடிச்சா போதும், அளவையும் அந்த டாக்டரே சொல்லட்டும்.

(மறுநாள் சாயங்காலம்)

நடுநிசி:
ஹார்ட் டாக்டர் நல்லா திட்டினார், ராத்திரியே மாத்திரை போட்டாச்சு. யூரின்ல கிருமி இல்ல. ஜெல்லி போட்டுத்தான் பண்ணாங்க, ஆறேழு நிமிஷம், அப்பா சாப்பிட்டுட்டுத்தான் போனார். உள்ள பாத்துட்டு என்ன சொன்னாங்கன்னு அப்புறம் எழுதறேன். இப்ப பிங்க் கலர்ல போகுது, நீர்க்கடுப்பு மாதிரி எரியுதுன்றார், இது நார்மலா??

ஓடிசிஸ்டர்:
ஒண்ணு ரெண்டு நாள் அப்படித்தான் இருக்கும். கட்டி கட்டியா ரத்தம் வந்தா, காய்ச்சல் 100.4 தாண்டினா, குளிர்ல நடுங்கினா, முட்டிட்டு வந்தும் போக முடியலன்னா காத்திருக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரி. பயாப்சி, அதான் டெஸ்ட்டுக்கு அனுப்ப உள்ள இருந்து சின்னதா சதை, எடுத்தாங்களா? எடுத்திருந்தா சிவப்பு இன்னும் கொஞ்ச நாள் இழுக்கும்.

மூணுகல்:
பயாப்சி எடுத்தாங்களா நண்பா?

(மூணு நாள் கழிச்சு)

நடுநிசி:
கலர் தெளிஞ்சிடுச்சு. எரிச்சல் இல்ல. நன்றி எல்லாருக்கும்

மூணுகல்:
பயாப்சி??

பழையபெஞ்ச்:
கேட்டதுக்கு மட்டும் பதில் வராது. பழகிடுச்சு.

ஓடிசிஸ்டர்:
விடுங்க சார், வீட்ல என்ன நிலைமையோ. அவருக்கு எப்ப தோணுதோ அப்ப சொல்லட்டும்.

சிறகு72:
சார் மேடம் எல்லாரும் இங்க இருக்கிறதால கேக்குறேன், எனக்கும் அடுத்த வாரம் இதே டெஸ்ட், சாப்பிட்டுட்டுப் போலாமா?