ரயில்வேக்காரர் ரோட்டுக்காக ஏன் மல்லுக்கட்டினார்? சாம் ஹில் பற்றிச் சில சந்தேகங்கள்

மைல்கல் (கேள்வி):
சிவில் மாணவர் மலருக்கு அமெரிக்காவின் சாம் ஹில் (1857–1931) பற்றி ஒரு கட்டுரை தயாராகிறது. மூன்று இடத்தில் முட்டுகிறது. கிரேட் நார்தர்ன் ரயில்வே அதிபர் ஜேம்ஸ் ஜே. ஹில்லின் மகன் இவர் என்று சில தளங்களில் போட்டிருக்கிறது, சரியா? ரயில்வேயில் இருந்துகொண்டு ரோடு போடச் சொன்னது தன் வயிற்றில் தானே அடித்துக்கொள்வது ஆகாதா? மேரிஹில்லில் அவர் போட்ட ரோட்டில் அப்படி என்ன விசேஷம்? கணக்கோடு சொன்னால் நல்லது.

லூப்லைன்:
மகன் இல்லை, மாப்பிள்ளை. குடும்பப் பெயர் ஒன்றாக அமைந்துவிட்டதால் வரும் குழப்பம் இது. வட கரோலைனாவில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவுக் குடும்பத்தில் பிறந்து மினியாபோலிஸில் வளர்ந்தவர். ஜேம்ஸ் ஹில்லின் ரயில்வேக்கு எதிராகவே வழக்காடி ஜெயித்த வக்கீல். 'இந்த ஆள் நம் பக்கம் இருக்கட்டும்' என்று பெரியவர் இழுத்துக்கொண்டார். 1888-ல் மூத்த மகள் மேரியுடன் கல்யாணம்.

1900 வாக்கில் ரோடு ரயிலுக்குப் போட்டி இல்லை, தீனி. லாரி வராத காலம். கோதுமை குதிரை வண்டியில்தான் ஸ்டேஷனுக்கு வந்தாக வேண்டும். மழையிலும் பனி உருகும்போதும் மண்ரோட்டில் சக்கரம் அச்சு வரை புதையும். சரக்கு வராமல் வேகன்கள் சும்மா நிற்கும். ரோடு காய்ந்ததும் எல்லாரும் ஒரேயடியாக வந்து குவிவார்கள், அப்போது வேகன் போதாது. 1901-ல் இல்லினாய் சென்ட்ரல் ரயில்வே தன் பாதையில் ரோடு போடும் இயந்திரங்களை ஏற்றிக்கொண்டு சிகாகோவிலிருந்து நியூ ஆர்லியன்ஸ் வரை ஒரு ரயிலையே விட்டு, வழியில் மாதிரி ரோடுகள் போட்டுக் காட்டியதும் இந்தக் கணக்கில்தான்.

ஹில் 1899 செப்டம்பரில் ஸ்போக்கேன் நகரில் வாஷிங்டன் மாநில நல்ல ரோடு சங்கத்தைத் தொடங்கினார். ஆனால் இந்த 'தீனி' வாதத்தை 1910-க்கு மேல் இழுக்காதீர்கள். அப்போது அவர் கேட்டது காருக்கான நெடுஞ்சாலை. ஸ்டேஷன் ரோடு அல்ல.

கருங்கல் ஜல்லி:
மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். மேரிஹில், கொலம்பியா ஆற்றின் வடகரையில் (வாஷிங்டன் மாநிலப் பக்கம்; தென்கரை ஆரிகன் மாநிலம்) ஹில் வாங்கிய நிலம். அங்கே 1909 முதல் 1913 வரை சுமார் 10 மைல் ரோடு, 7 வகை மேற்பரப்பு, செலவு ஏறக்குறைய 1 லட்சம் டாலர், எல்லாம் கைக்காசு. வடிவமைத்தவர் சாமுவேல் லான்காஸ்டர்.

ஏன் 7 வகை? பழைய மெக்காடம் ரோட்டில் ஜல்லியைப் பரப்பி, கல்தூளும் தண்ணீரும் விட்டு ரோலரால் இறுக்குவார்கள். இரும்புப் பட்டை போட்ட வண்டிச் சக்கரம் மேல்கல்லை அரைக்கும். அந்தத் தூள் இடுக்கில் இறங்கி ரோட்டை மறுபடி பிணைக்கும். கார் வந்ததும் இது தலைகீழானது. வேகமாக உருளும் ரப்பர் டயர் தூளை உறிஞ்சிப் பறக்கவிடும், புதுத் தூளும் உண்டாகாது. ஜல்லி கழன்று குழி விழும். 1908-ல் பாரிஸில் கூடிய முதல் சர்வதேசச் சாலை மாநாட்டின் பெரிய தலைவலியே இந்தத் தூசிதான். ஹில்லும் லான்காஸ்டரும் அங்கே போயிருந்தார்கள். தூளுக்குப் பதில் எண்ணெயும் தாரும் பிணைப்பாக எப்படி நிற்கும் என்று பார்க்கத்தான் மேரிஹில்.

அடுத்தது சரிவு. மேரிஹில் ரோடுகளில் ஒன்றான 'லூப்ஸ் ரோடு' 3.6 மைலில் 850 அடி இறங்குகிறது: 5,800 மீட்டரில் 259 மீட்டர், சராசரி 4.5%. உச்ச வரம்பு 5%. 259 மீட்டர் இறங்க 5% சரிவில் குறைந்தது 5,180 மீட்டர் நீளம் வேண்டும். மலைச்சரிவில் அவ்வளவு நீளத்தை அடக்கத்தான் கொண்டை ஊசி வளைவுகள். 10% விட்டிருந்தால் பாதி ரோடு போதும், ஆனால் அந்தக் காலத்து எஞ்சினும் பிரேக்கும் திணறியிருக்கும்.

லூப்லைன்:
ஒரு எச்சரிக்கை. 'கொலம்பியா ஆற்று நெடுஞ்சாலையை ஹில் கட்டினார்' என்று எழுதிவிடாதீர்கள், பல இடத்தில் இந்தத் தப்பு இருக்கிறது. அவர் விரும்பிய வடகரை ரோடு நடக்கவில்லை. கைதிகளை வைத்து வேலை செய்யும் ஏற்பாட்டையும் வாஷிங்டன் ஆளுநர் மேரியன் ஹே நிறுத்திவிட்டார். ஹில் ஆற்றைத் தாண்டினார். 1913 பிப்ரவரியில் ஆரிகன் சட்டமன்றத்தையே மேரிஹில்லுக்கு அழைத்து வந்து ரோட்டில் நிறுத்திக் காட்டினார். அதே ஆண்டு ஆரிகனில் மாநில நெடுஞ்சாலை ஆணையம் வந்தது. தென்கரை ரோட்டுக்கு, அதாவது கொலம்பியா ஆற்று நெடுஞ்சாலைக்கு, ஆரிகனின் மல்ட்னோமா கவுண்டி (மாவட்டம் மாதிரி) பணம் போட்டது, லான்காஸ்டர் பொறியாளர். 1916 ஜூன் 7-ல் அர்ப்பணிப்பு விழா. ஹில் தூண்டியவர், அவ்வளவுதான். அதுவே சின்ன விஷயமில்லை.

மைல்கல்:
நன்றி. உச்சம் 5% என்றால் வளைவிலும் எல்லா இடத்திலும் 5%தானா?

கருங்கல் ஜல்லி:
இல்லை, நடுக்கோட்டில் அளந்தால்தான் 5%. தென்கரை ரோட்டின் அளவுகளையே எடுங்கள்: வளைவின் ஆரம் குறைந்தது 100 அடி, அகலம் 24 அடி. உள்விளிம்பின் ஆரம் 88 அடிதான். இறங்கும் உயரம் அதே, தூரம் குறைவு. அதனால் அங்கே 5 × 100 ÷ 88, கிட்டத்தட்ட 5.7%. ஆரம் 50 அடி என்றால் உள்விளிம்பில் 6.6%-க்குப் போய்விடும். படத்தில் நடுக்கோட்டையும் உள்விளிம்பையும் தனித்தனியாகக் குறித்துவிடுங்கள், மாணவர்களுக்குச் சட்டென்று பிடிபடும்.