பேச்சியம்மாள் வீட்டுப் பெண்கள்

(இந்த வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்கள்: சாத்தூர்ப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் முத்துலட்சுமி, ஸ்ரீபெரும்புதூரில் வேலை பார்க்கும் அவர் மகள் அபி, கோவில்பட்டிப் பெரியம்மா சண்முகத்தாய், அங்கேயே கோர்ட்டில் ஜூனியராக இருக்கும் அவர் மகள் தர்ஷினி, திருப்பூர்ச் சித்தி மாரீஸ்வரி. அம்மாச்சி பேச்சியம்மாள் முத்துலட்சுமியின் போனில் பேசுவார்.)

ஞாயிறு, மாலை 4.20

முத்துலட்சுமி: அபி, எழுந்துவிட்டாயா தாயி? விடியற்காலை நாலே முக்காலுக்கு உன் லொகேஷன் நின்றுபோனது. போன் அடித்தாலும் எடுக்கவில்லை. ஏழரைக்கு நீ "ரூம் வந்துட்டேன்" என்று போடுகிற வரைக்கும் எனக்கு உயிரே இல்லை.

அபி: இப்போதுதான் எழுந்தேன் அம்மா. நான் நிறுத்தவில்லை. வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷன் அதிகபட்சம் 8 மணி நேரம்தான் ஓடும். எட்டே முக்காலுக்குப் பஸ் ஏறும்போது போட்டேன், நாலே முக்காலுக்குத் தானாக நின்றுவிட்டது.

முத்துலட்சுமி: நடுவில் ஒருமுறை மறுபடி போடக் கூடாதா?

அபி: போன் என் கையிலேயே இருக்காது அம்மா. உள்ளே போகும்போது லாக்கரில் வைத்துப் பூட்டிவிடுவோம். ராத்திரி முழுக்க நீ பார்த்துக்கொண்டிருப்பது அந்த லாக்கரைத்தான், என்னை இல்லை.

சண்முகத்தாய்: இதை முன்னாலேயே சொல்லியிருக்கலாமே அபி.

அபி: கேட்டால் சொல்லியிருப்பேன் பெரியம்மா. எங்கே இருக்கே, சாப்பிட்டியா, ஏன் எடுக்கலே. அம்மா கேட்பது இந்த மூன்றும்தான். அங்கே நான் என்ன வேலை செய்கிறேன் என்று வேலைக்குச் சேர்ந்ததில் இருந்து கேட்டதே இல்லை.

முத்துலட்சுமி: நீ சொன்னால் எனக்குப் புரியுமா?

அபி: ஏன் புரியாது? போனுக்குள் இருக்கும் பச்சை போர்டு பெல்ட்டில் வரும். அதை லென்சுக்கு அடியில் வைத்துப் பற்றவைத்த இடமெல்லாம் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கணும். எங்காவது விட்டுப்போயிருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தனியாக வைக்கணும். மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டியிருப்போம், அதில் இருந்து ஒரு வயர் மேஜைக்குப் போகும். நம் உடம்பில் இருக்கும் கொஞ்சூண்டு மின்சாரம் பட்டால்கூட போர்டு கெட்டுவிடும். அதற்குத்தான் அந்தப் பட்டை.

மாரீஸ்வரி: அட, இது நாங்கள் பனியன் கம்பெனியில் பார்க்கும் செக்கிங்தான். எங்களுக்கு ஓட்டை, அழுக்கு, தையல் விட்ட இடம். ராத்திரி ஷிப்டில் கண் எரியுமே அபி?

அபி: எரியும் சித்தி. மூன்று மணிக்கு மேல்தான் கஷ்டம். டீ கொடுப்பார்கள்.

முத்துலட்சுமி: மூன்று மணிக்கு நானும் முழித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

சண்முகத்தாய்: சரி, நான் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். திருவேங்கடத்தில் இருந்து ஜாதகம் வந்ததே, பொருத்தம் நன்றாக இருக்கிறதாம். பையனுக்குத் தூத்துக்குடியில் வேலை. ஒன்றே ஒன்று, கல்யாணத்துக்கு அப்புறம் பெண் வேலைக்குப் போக வேண்டாம் என்கிறார்கள். அடுத்த ஞாயிறு வந்து பார்க்கட்டுமா என்று கேட்கிறார்கள்.

முத்துலட்சுமி: நல்ல இடம்தான் அக்கா. இவளுக்கும் 22 முடிந்துவிட்டது.

அபி: அம்மா, இரண்டு வருடம் கழித்துப் பேசலாம் என்று பொங்கலுக்கு வந்தபோதே சொன்னேனே.

முத்துலட்சுமி: ராத்திரியில் பஸ்ஸில் போய் வந்து நீ சம்பாதிக்கவே வேண்டாம். வந்துவிடு.

மாலை 5.25

முத்துலட்சுமி: பார்த்துவிட்டாள். நீலக் கோடு விழுந்து ஒரு மணி நேரம் ஆகிறது. பதில் இல்லை.

தர்ஷினி: முத்து சித்தி, அவளுக்குத் துணி துவைக்கவும் தலை குளிக்கவும் கிடைப்பது இந்த ஒரு சாயங்காலம்தான். ராத்திரி வேலை என்றால் உங்களுக்கு ஏன் இவ்வளவு பயம்? 1948 தொழிற்சாலைச் சட்டத்தில் பெண்களை ராத்திரி வேலைக்கு வைக்கவே கூடாது என்றுதான் இருந்தது. அது பெண்களுக்குச் சமவாய்ப்பை மறுக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2000இல் அந்தப் பிரிவை ரத்து செய்தது. பஸ் வசதி கொடுக்கணும், பெண்களைக் கூட்டாக வைத்து வேலை வாங்கணும், பாதுகாப்புக் கொடுக்கணும் என்று நிபந்தனைகளும் போட்டது. அபி ஏறும் பஸ் கம்பெனி பார்த்துக் கொடுக்கும் உபகாரம் இல்லை. நாட்டில் ஆலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் 100க்கு 40 பேருக்கு மேல் நம் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். இவள் ஒருத்தி மட்டும் இருட்டில் போகவில்லை சித்தி.

முத்துலட்சுமி: சட்டம் எனக்குத் தெரியாது தர்ஷினி. பஸ் எனக்குத் தெரியும்.

முத்துலட்சுமி: எனக்கு ஒன்பது வயது இருக்கும். தீப்பெட்டி ஆபீஸ் பஸ் நாலு மணிக்கெல்லாம் ஊருக்குள் வந்து ஹாரன் அடிக்கும். தூக்குவாளியில் பழைய சோற்றை வைத்துப் பாதித் தூக்கத்திலேயே ஏற்றிவிடுவார்கள். உட்கார இடம் இருக்காது, ஒருத்தர் மடியில் ஒருத்தர். அங்கே போனால் பலகைக் காடிகளில் குச்சி அடுக்கணும். அடுக்கி முடித்த ஒவ்வொரு கட்டைக்கும் இவ்வளவு என்று கூலி. திரும்பி வரும்போதும் இருட்டிவிடும்.

முத்துலட்சுமி: ஒருநாள் வரும் வழியில் தூங்கிவிட்டேன். நம் ஊர் வந்ததும் யாரும் எழுப்பவில்லை. கடைசி ஊரில் இறக்கிவிட்டுப் பஸ் போய்விட்டது. தூக்குவாளியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு டீக்கடைத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அம்மா அரிக்கேன் விளக்கோடு நடந்தே தேடி வந்தாள். அவள் முகத்தை அன்றைக்குப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. நீ எங்கே இருக்கிறாய் என்று தெரியாத நேரத்தில் என் முகமும் அப்படித்தான் இருக்கும் அபி.

மாரீஸ்வரி: அக்கா, எனக்குக்கூட இது தெரியாதே.

முத்துலட்சுமி: நீ அப்போது கைக்குழந்தை.

அபி: அம்மா, எனக்கு ஏன் சொல்லவே இல்லை?

முத்துலட்சுமி: என்ன சொல்ல? ஊரில் எல்லாப் பிள்ளைகளும் போனார்கள்.

தர்ஷினி: 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைத் தீப்பெட்டித் தொழிலில் வைக்கக் கூடாது என்று 1986லேயே சட்டம் வந்துவிட்டது சித்தி. நீங்கள் சொல்வது அதற்கும் அப்புறம்.

முத்துலட்சுமி: எங்கள் ஊருக்குச் சட்டம் வரவில்லை, பஸ்தான் வந்தது.

மாலை 5.50

முத்துலட்சுமி: (குரல் செய்தி, 1.12)

அபி: மெஸ்ஸில் இருக்கிறேன், ஒரே சத்தம். யாராவது எழுதிப் போடுங்களேன்.

மாரீஸ்வரி: அம்மாச்சி பேசியதை அப்படியே போடுகிறேன்.
"முத்து, ஒன்னை அந்தப் பஸ்ஸுல ஏத்திவிட்டது நாந்தான். மழை இல்லாத வருசம், ஏஜெண்டு கையில முன்பணம் வாங்கியிருந்தோம். போறியா, மாட்டியான்னு ஒன்னை ஒரு வார்த்தை கேக்கல. வாத்தியாரு வந்து பள்ளிக்கூடத்துக்கு அனுப்புன்னு சொன்ன பெறகு, பெட்டி ஒட்டுற வேலைய வீட்டுக்கு வாங்கி நான் ராவெல்லாம் ஒட்டினேன். குரோசுக்கு 144 பெட்டி. அந்தக் காசுலதான் நீ பத்தாவது படிச்ச. அபியை யாரும் தூக்கி ஏத்திவிடல. அவளா படிச்சு, அவளா ஏறிப் போறா. ரெண்டு பஸ்ஸும் ஒண்ணா?"

சண்முகத்தாய்: அந்தப் பசை நாற்றம் இன்னும் எனக்கு மூக்கில் இருக்கிறது. நானும் கூட உட்கார்ந்து ஒட்டினேன்.

அபி: அம்மாச்சி ❤️ நீங்கள் ஒட்டிய பெட்டியில்தான் அம்மாவின் பத்தாவது மார்க் ஷீட் வந்ததா?

முத்துலட்சுமி: அந்த மார்க் ஷீட்டை வைத்துத்தான் என் கல்யாணத்துக்கு அரசாங்கத்தில் உதவிப் பணமும் வாங்கினோம். பத்தாவது படித்திருந்தால்தான் கிடைக்கும். மூவலூர் அம்மையார் பேரில்.

தர்ஷினி: மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் சித்தி. தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியவர். அந்தத் திருமண உதவித் திட்டம் 1989இல் வந்தது. 2022இல் அதையே உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றினார்கள். அபிக்குக் கல்லூரியில் மாதம் 1000 ரூபாய் வந்ததே, புதுமைப் பெண், அது இதுதான்.

முத்துலட்சுமி: அதுவும் இதுவும் ஒன்றா?

தர்ஷினி: ஒரே திட்டம்தான், அதே அம்மையார் பேரில். உங்களுக்குக் கல்யாணத்துக்குக் கொடுத்தார்கள், இவளுக்குப் படிக்கக் கொடுத்தார்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்திருக்கணும், அப்போது அதுதான் நிபந்தனை.

அபி: இரண்டாவது வருடம் படிக்கும்போது வர ஆரம்பித்தது. பஸ்ஸுக்கும் ரெக்கார்டு நோட்டுக்கும் உன்னிடம் கேட்காமல் செலவு செய்தது அப்போதுதான் முதல்முறை அம்மா.

முத்துலட்சுமி: நீ கேட்பதை நிறுத்தியதும் எனக்கு ஒரு மாதிரி இருந்தது. வேறு யாரிடமோ வாங்குகிறாயோ என்றுகூட நினைத்தேன்.

அபி: ஐயோ அம்மா. பாஸ்புக்கை உன் பீரோவில்தானே வைத்திருந்தேன்.

முத்துலட்சுமி: சரி, இதைச் சொல். இரண்டு வருடம் என்கிறாயே, எதற்கு? யாராவது இருந்தாலும் சொல், நான் கத்த மாட்டேன்.

அபி: யாரும் இல்லை. இருந்தால் உன்னிடம்தான் முதலில் சொல்வேன். ஒரு வருடத்தில் லைன் லீடர் ஆகலாம் என்கிறார்கள். அப்புறம் தொலைநிலைக் கல்வியில் எம்.எஸ்ஸி. பிசிக்ஸ் சேரணும். திருவேங்கடத்துப் பையனை எனக்குத் தெரியாது, கெட்டவர் என்று சொல்லவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்க்கும் முன்பே வேலையை விடச் சொல்கிறார்களே. அம்மாச்சி ராவெல்லாம் பெட்டி ஒட்டினது அதற்கா?

சண்முகத்தாய்: இவள் சொல்வதும் நியாயமாகத்தான் இருக்கிறது முத்து.

மாலை 6.30

அபி: அம்மா, ஒரு ஏற்பாடு சொல்கிறேன். பஸ் ஏறும்போது ஒரு மணி நேரத்துக்கு லொகேஷன் போடுகிறேன், காலையில் திரும்பும்போதும் போடுகிறேன். ஆலைக்குள் இருக்கும் நேரத்தில் நீ தூங்கணும். ரூம்மேட் நம்பர், வார்டன் நம்பர், பஸ் நம்பர் எல்லாம் உனக்கு அனுப்பிவிடுகிறேன். காலை எட்டில் இருந்து மூன்று மணி வரை நான் தூங்குவேன், அவசரம் என்றால் ஒழிய அடிக்காதே.

முத்துலட்சுமி: மூன்று மணிக்கு அடித்தால் எடுப்பாயா?

அபி: நானே அடிப்பேன்.

முத்துலட்சுமி: வீடியோ கால். முகத்தைப் பார்க்கணும்.

அபி: சரி 😀 அப்புறம் நீ ஒருமுறை இங்கே வா. வல்லம் வடகாலில் சிப்காட் விடுதி கட்டியிருக்கிறார்கள், 2024 ஆகஸ்டில் திறந்தது. 18,720 பேர் தங்கலாம். என் லைனில் இருக்கும் பிள்ளைகள் நிறைய பேர் அங்கேதான். ஷிப்ட் விட்டு எல்லாரும் சேர்ந்து இறங்கி வருவதை நீ பார்த்தால் இந்தப் பயம் பாதி போய்விடும்.

முத்துலட்சுமி: ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடிக்குப் பொங்கல் வைக்கணும். அதை முடித்துவிட்டு வருகிறேன். நீ அதற்கு வருவாயா?

அபி: ஷிப்ட் மாற்றிக் கேட்டிருக்கிறேன். கிடைத்துவிடும்.

மாரீஸ்வரி: நானும் வருகிறேன், எனக்கும் சேர்த்து டிக்கெட் போடு அபி.

முத்துலட்சுமி: அக்கா, திருவேங்கடத்துக்காரர்களுக்கு நானே எழுதிப் போடுகிறேன். இது சரியா பார். "வணக்கம். பெண்ணுக்கு லீவு கிடைக்கவில்லை. கிடைத்ததும் சொல்கிறோம்."

அபி: நான் லீவே கேட்கவில்லையே அம்மா.

முத்துலட்சுமி: மூஞ்சியில் அடித்த மாதிரி எப்படிச் சொல்வது?

தர்ஷினி: இப்படிப் போட்டால் அடுத்த மாதம் மறுபடி கேட்பார்கள் சித்தி. அவர்களும் காத்துக்கொண்டே இருப்பார்கள், பாவம்.

முத்துலட்சுமி: சரி, இதைப் பாருங்கள். "வணக்கம். அபிநயாவுக்கு இரண்டு வருடம் கழித்துத்தான் கல்யாணம் பேசுவதாக இருக்கிறோம். கல்யாணத்துக்கு அப்புறமும் எங்கள் பெண் வேலைக்குப் போவாள். உங்கள் பையனுக்கு நல்ல இடம் அமையட்டும்."

அபி: அனுப்பு அம்மா.

முத்துலட்சுமி: அனுப்பிவிட்டேன். அக்கா, உனக்குப் போன் அடிப்பார்கள். நீ எதையும் மாற்றிச் சொல்லிவிடாதே.

சண்முகத்தாய்: மாட்டேன். ஜாதகத்தைப் புதன்கிழமை நானே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.